ஊடு வழியா

எங்கள் ஆபீஸிலிருந்து டீக்கடைக்கு இரண்டு வழிகள் உண்டு. பின்கதவைத் திறந்தால் ஒரு வீட்டு முற்றம். அதைத் தாண்டினால் கடை, ஒன்றரை நிமிஷம். முன்பக்கமாகப் போனால் சர்வீஸ் ரோடு, லாரி ஷெட், ஒரு வளைவு, அப்புறம்தான் கடை. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டு வெயிலில் பத்து நிமிஷம். நாங்கள் எல்லோரும் முற்றத்து வழியாகத்தான் போவோம். எங்களோடு வேலை பார்த்த அவர் ஒருவர் மட்டும் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைச் சுற்றி வருவார். அவர் வந்து சேர்வதற்குள் எங்கள் டம்ளர் காலியாகியிருக்கும்.

அந்த வீட்டுச் சேச்சிக்கே மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவரை நிறுத்தி, இப்படியே போகக் கூடாதா, எதற்கு வெயிலில் சாகிறாய் என்று மலையாளத்தில் கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

"நீங்க சொல்றது சந்தோசமுங்க. ஆனா இது உங்க ஊடுங்க. நாளைக்கே நீங்க ஒரு செவுரு கட்டோணும்னா, இவங்கெல்லாம் நடக்கறாங்களேன்னு நீங்க ரோசனை பண்ணக் கூடாதில்லீங்க."

சேச்சிக்குப் பாதி புரிந்தது. மீதியை நாங்கள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தோம். அடுத்த வருஷம் சேச்சியின் மகன் வளைகுடாவிலிருந்து வந்து நிஜமாகவே சுவர் கட்டினான். காலையில் பின்கதவைத் திறந்த நாங்கள் செங்கல்லைப் பார்த்து அசடு வழிய நின்றோம். சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு அவர்மேல் இவ்வளவு பயம் வந்திருக்காது.

பயம் என்றால் அவரைக் கண்டு பயம் இல்லை. அவரைப் பார்த்துப் பார்த்து எனக்குள் வந்து ஒட்டிக்கொண்ட பயம். அவர் நுழைய மறுத்த இடங்களையெல்லாம் பார்க்கும்போது, நான் எத்தனை இடத்தில் கேட்காமல் நுழைந்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அவர் ஊர் மாநில எல்லையை ஒட்டிய கோபாலபுரம் பக்கம். செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு தென்னந்தோப்பு வழியாகப் பாதி ஊர் பைக்கில் போகும், வரும். அவர் மட்டும் சோற்றுப் பாத்திரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத பையைத் தானாகவே போலீஸ்காரரிடம் திறந்து காட்டிவிட்டு வருவாராம். போலீஸ்காரரே எரிச்சல்பட்டு, நாளையிலிருந்து நிற்காமல் போய்யா என்று சொல்லிவிட்டார் என்று அவரே சொன்னார். அப்படியும் நின்றாராம். எங்களுக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமான கேலி.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நேர் மேலே ஒரு சரிவு. அந்தச் சரிவில் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்திருந்தோம். மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது, எவ்வளவு மழை பெய்தது என்று கால்மணிக்கு ஒருமுறை அவை எங்களுக்கு எண்களை அனுப்பும். பழைய மழைகளைப் படித்துப் பழகிய எங்கள் புரோகிராம் அதிலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கணக்கிடும். நாற்பதுக்குக் கீழே பச்சை. எழுபதைத் தாண்டினால் லயத்தில் சங்கு ஊதும். ஊதினால் எதையும் எடுக்காமல் ஃபேக்டரிக்கு ஓடிவிட வேண்டும்.

லயத்தில் இருபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்று எங்கள் வீடு. அம்மா அங்கேதான் இருந்தார், இன்னமும் கொழுந்து கிள்ளிக்கொண்டு. இந்த வேலையை நான் எதற்காகக் கேட்டு வாங்கினேன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரிப் புரோகிராம்களை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. உலகத்தில் எங்கோ இருக்கிற சிலர் எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் லைப்ரரி ஒன்று உண்டு. அதிலிருந்து வேண்டிய கருவியை, அது இருக்கிற இடத்தின் பெயரைச் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம். இதற்கு இம்போர்ட் என்று பெயர். அந்த இடங்களில் இரண்டு ஜாதி. ஒன்று, இது உங்களுக்காக என்று கையேட்டில் எழுதி வைத்த இடங்கள். அவற்றை மாற்றினால் ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் மாற்றுவார்கள். இன்னொன்று, அவர்கள் தங்கள் சௌகரியத்துக்காக வைத்திருக்கும் உள்ளறைகள். அவற்றின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன அடிக்கோடு இருக்கும். பூட்டு கிடையாது. நுழைந்து எடுத்தால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாளைக்கே அவர்கள் அறையை இடித்துவிட்டு வேறு பக்கம் கட்டலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் நுழைவார்கள். நானும் நுழைந்திருக்கிறேன். அவர் நுழைய மாட்டார். யாராவது எழுதியதில் அடிக்கோட்டைப் பார்த்துவிட்டால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடுவார். "ஏனுங்க, இது அவங்க பொழங்கற எடமுங்களே" என்பார். அவ்வளவுதான், திட்ட மாட்டார். நாம் அதை அழிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அந்த நிற்பு இருக்கிறதே, அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

அப்படிப்பட்டவரை ஒரே ஒரு தடவை நான் நுழைய வைத்தேன்.

மலையில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் கருவிகளின் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இடையில் விழும் ஓட்டைகளை நிரப்பிக் கணக்குப் போட ஒரு வழி வேண்டும். லைப்ரரியில் அதற்கு அருமையான கருவி இருந்தது. உள்ளறையில் இருந்தது. வெளியே கொடுக்கப்பட்டிருந்த எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நாமே எழுதலாம் என்றார் அவர். இரண்டு மாசம் ஆகும் என்றார். காலவர்ஷ மழை தொடங்க இருபது நாள்தான் இருந்தது.

"எல்லாரும்தானே எடுக்குறாங்க" என்றேன்.

"எடுக்கறாங்க மேடம். அவங்களுக்கெல்லாம் மலைக்குக் கீழ யாரும் இல்லீங்க."

"எனக்கு இருக்கு. எங்கம்மா அந்த லயத்துலதான் இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு நீங்க எழுதி முடிக்கிறப்ப நான் யாருக்குப் போயி சங்கு ஊதுறது?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துவிட்டது.  "உங்களுக்காகப் போடறனுங்க. மழை முடிஞ்சதும் எடுத்துப் போடோணும்" என்றார். அந்த இம்போர்ட் வரியை எழுதினார். வலதுபக்கம் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பும் எழுதினார்: oodu vazhiya. லைப்ரரியின் அப்போதைய பதிப்பையும், புதியது வந்தாலும் மாறாதபடி, எங்கள் கணினியில் அப்படியே நிறுத்தி வைத்தார்.

மழை முடிந்தது. எடுத்துப் போடவில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். நான்தான் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினேன்.

கருவிகளைப் பார்க்க அவர் எஸ்டேட்டுக்கு வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உள்ளே வாங்க தம்பி என்று அம்மா சொல்லும்வரை வாசலில் நிற்பார். சொன்ன பிறகும் செருப்பை ஓரமாக நேராக வைத்துவிட்டுத்தான் ஏறுவார். அம்மாவுக்கு அவர் பேச்சு ஒரே வேடிக்கை. "ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ங்க போடுதாரே, வாய் வலிக்காதாட்டி அவருக்கு?" என்று என்னைக் கேட்பார். ஆனால் அவருக்கு மட்டும் முட்டை பொரிப்பார். எனக்குக் கிடையாது.

ஒருநாள் நல்ல வெயிலில் புரோகிராம் எங்கோ தடுக்கி விழுந்து சங்கு ஊதிவிட்டது. ஓடிய அவசரத்தில் ஒரு பெண்மணி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எஸ்டேட் மேனேஜர் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். அன்றைக்கே நான் ஒரு மாற்றம் செய்தேன். புரோகிராம் எங்கே தடுக்கினாலும் சத்தம் போடாமல் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கால்மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன். லயத்து ஜனங்களைக் கூட்டிவைத்து, "சங்கு ஊதினா ஓடுங்க. ஊதலைன்னா ஒண்ணும் இல்ல, நிம்மதியா இருங்க" என்றும் சொன்னேன். இரண்டாவது பாதியை நான் சொன்னபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த ஆடியில் அவர் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு வாரம் லீவு போட்டார். அவர் போன நாலாம் நாள் இடி இறங்கி எங்கள் பழைய கணினி போயிற்று. புதியதைக் கொண்டுவந்து, சேமித்திருந்த பழைய எண்களையும் அதில் ஏற்றி வைத்தேன். அது லைப்ரரியின் பழைய பதிப்பை ஏற்கவில்லை, புதிய பதிப்பைக் கேட்டது. சரி, போட்டுக்கொள் என்றேன். எதற்கும் பார்ப்போம் என்று எங்கள் புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டிப் படித்தேன். அந்த வரியும் கண்ணில் பட்டது; அடிக்கோட்டைக் கவனிக்காமல் வலதுபக்கக் குறிப்பைத்தான் படித்தேன். ஊடுவழியா.

பாலக்காட்டிலும் எங்கள் மலையிலும் மலையாளம் கலந்து பேசுகிற எவருக்கும் ஊடுவழி என்றால் ஒரே அர்த்தம்தான். மெயின் ரோடு அல்லாத சின்னச் சந்து. மலையாளப் பேச்சில் ஊடுவழியா என்றால், இது ஒரு சந்துதான் என்று பொருள். எப்போதாவது போகிற சில்லறை வழி என்று எழுதி வைத்திருக்கிறார் போல என்று தாண்டிப் போனேன். அந்த வரியை அவர் எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினாலு மாசத்தில் சுத்தமாக மறந்திருந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கண் ஆபரேஷன் நடக்கிற வீட்டுக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டேன். புரோகிராமை ஓட்டினேன். திரையில் பன்னிரண்டு என்று வந்தது. பச்சை. நான் டீ குடிக்கப் போனேன்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அம்மா போன் செய்தார்.

"ஏட்டி, ஓடத் தண்ணி செவப்பா வருது. கக்கூஸ் செவுத்துல வெடிப்பு உட்டுருக்கு. என்ன செய்ய?"

நான் திரையைப் பார்த்தேன். "இங்க பச்சையாத்தாம்மா இருக்கு. பன்னெண்டுதான். பயப்படாம இரு" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் போன் வந்தது. மழை என்றால் எங்கே இருந்தாலும் மொபைலில் எங்கள் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"ஏனுங்க மேடம், நேத்தும் பன்னெண்டு, இன்னிக்கும் பன்னெண்டுங்க. இந்த மழைக்கு ஒரே நெம்பரு எப்புடிங்க நிக்கும்? லைப்ரரி ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"புது மெஷினு. புதுசுதான் போட்டேன். எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் போட்டேன். ஒரு ஊடுவழின்னு நீங்க எழுதியிருந்தீங்கள்ல, அது சும்மா சந்துதானேன்னு..."

 அவர் குறுக்கிட்டார்.

"சந்து இல்லீங்க. ஊடுங்க. ஊடு வழியா. அடுத்தவங்க ஊடு வழியா போறோம்னு எழுதி வெச்சனுங்க."

வீடு. அவர் ஊரில் வீட்டுக்கு ஊடு. எனக்குத் தெரியாத வார்த்தையா அது? தினமும் அவர் வாயில் கேட்ட வார்த்தை. ஆங்கில எழுத்தில் பார்த்தபோது என் கண்ணுக்கு மலையாளமாகத் தெரிந்துவிட்டது. புதிய பதிப்பில் அந்த உள்ளறையை அவர்கள் வேறு பக்கம் கட்டிவிட்டார்கள். கதவு இருந்த இடத்தில் சுவர். எங்கள் புரோகிராம் மூன்று நாளாகப் போய்ப் போய் முட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டு பழைய பன்னிரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் போன் எடுக்கவில்லை. ஃபேக்டரி லைன் செத்துக் கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடு என்று கத்தினேன்.

"என்னட்டி சொல்லுத? காலையிலதான பச்சைன்ன?"

"அது தப்பும்மா. மெஷினு கெட்டுப்போச்சு. ஓடு!"

"சங்கு ஊதலையே. சங்கு ஊதலன்னா நிம்மதியா இருங்கன்னு நீதான எல்லாத்துக்கும் சொல்லிட்டுப் போன? இந்த மழையில கெழடு கட்டையெல்லாம் எங்கன கூட்டிட்டுப் போறது? அன்னைக்கும் இப்பிடித்தான் ஒருத்தி கைய ஒடச்சுக்கிட்டா."

பெற்ற அம்மா என்னை நம்பவில்லை. நம்பும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை. கோபாலபுரத்தில் அவர் இன்னும் லைனில்தான் இருந்தார். இரண்டு அழைப்பையும் சேர்த்துவிட்டேன்.

"அம்மா, நானுங்க" என்றார்.

"யாரு, தம்பியா?"

"ஆமாங்க. சங்கு ஊதாதுங்க. அது போயிருச்சுங்க. நான் சொல்றனுங்க, இப்பவே எல்லாத்தையும் கூட்டிட்டு ஃபேக்டரிக்குப் போயிருங்க. கதவைக்கூடச் சாத்த வேண்டாமுங்க."

 அதற்குமேல் அம்மா வேறு ஏதும் கேட்கவில்லை. "ஏய், எல்லாரும் வெளிய வாங்க! அந்தத் தம்பி சொல்லுதாரு, வாங்க வெளிய!" என்ற சத்தமும், ஏதோ தகரத்தில் அடிக்கிற சத்தமும் கேட்டன. லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம். அவர் கோபாலபுரத்தில், நான் கஞ்சிக்கோட்டில், இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தோம். அவர் மூச்சு விடுகிறதை நான் கேட்டேன். என்னுடையதை அவர் கேட்டிருப்பார். ஒருமுறை மட்டும், "போயிருப்பாங்களுங்க" என்றார். அது என்னிடம் சொன்னது மாதிரி இல்லை.

போயிருந்தார்கள். இருபத்திரண்டு வீட்டு ஜனங்களும் ஃபேக்டரியில் இருந்தார்கள். மலை இறங்கி வந்து கடைசி நாலு வீட்டை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் வீடு கடைசியிலிருந்து இரண்டாவது.

பத்து நாள் கழித்து விசாரணை. திட்டத்துக்குப் பொறுப்பான மூன்று பேர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். புதிய பதிப்பைப் போட்டது நான் என்று ஒப்புக்கொண்டேன். எச்சரிக்கை ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லையே, இந்தப் பெண் என்ன செய்வார் என்று அவர்களே என்னைக் காட்டிச் சொன்னார்கள். எச்சரிக்கைக்கு இப்படியா ஒரு பாஷை என்று ஒருவர் சிரித்தார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்கள், இந்த வரியைப் போடச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று.

"இல்லீங்க. நானாத்தான் போட்டேன்" என்றார்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் பேசியிருப்பேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குப் பயம். வேலை போய்விடும், அந்தச் சரிவைப் பார்க்கிற இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அம்மாவுக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள் என்று பயம். பயத்துக்குக் காரணம் சொல்லித் தர வேண்டியதில்லை, அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மேஜையைக் காலி செய்யும்போது என்னிடம், "அந்த ஓட்டை நெரப்பறதை நீங்களே எழுதிருங்க மேடம். பாதி எழுதி வெச்சிருக்கனுங்க" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். லீவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் பையை மாட்டிக்கொண்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நம்பர் இருக்கிறது. போட்டதில்லை.

மீதியை நான் எழுதி முடித்தேன். உள்ளறை எதுவும் இப்போது எங்கள் புரோகிராமில் இல்லை. தடுக்கினால் சிவப்பாகி அலறும்படி மாற்றிவிட்டேன். அப்படியும் மழை வந்தால் நான் திரையை விட்டு நகர்வதில்லை. விசாரணைக்குப் பிறகு வெளியாட்கள் யாரும் பார்க்க முடியாதபடி எண்ணைக் காட்டும் அந்த இணையப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டார்கள். அது அவரிடம் இல்லை.

அம்மாவுக்குப் பக்கத்துச் சரிவில் வேறு லயத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேலேயும் ஒரு மலை இருக்கிறது. அவரை வேலையை விட்டு நிறுத்தியதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். இந்த வருஷம் மழை பிடித்த அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்தார்.

"ஏட்டி, இங்க நல்லா ஊத்துது. அந்தத் தம்பி பாத்துக்கிட்டுத்தான இருக்காரு?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்காரு."

"அப்பச் சரி" என்றார் அம்மா. "அப்ப நான் நிம்மதியாத் தூங்குதேன்."